ரஸ்ட் புராஜெக்ட் பெரிதாகும்போது மாட்யூல், கிரேட், வொர்க்ஸ்பேஸ் பிரிப்பது எப்படி?

ரஸ்ட் கற்கும்போது எல்லாம் ஒரே மெயின்.ஆர்எஸ் ஃபைலில் அடங்கிவிடும். வேலைக்கு வந்த பிறகு கதை வேறு. ஒரே கிரேட்டில் (கம்பைலர் ஒன்றாக எடுத்துக்கொள்ளும் கோட் தொகுதி) நூற்றுக்கணக்கான ஃபைல்கள் இருக்கும், ஒரு வரியை மாற்றினால் நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டும், எது எதைக் கூப்பிடுகிறது என்பதே பிடிபடாது. அப்படிப்பட்ட ஒரு நெட்வொர்க் ஏஜென்ட் புராஜெக்ட்டைப் பிரித்து அடுக்கிய கையோடு இதை எழுதுகிறேன். மாட்யூல் என்றால் என்ன என்று விளக்க எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எதை முதலில் செய்வது, எங்கே கால் இடறும் என்பதைத்தான் நான் அலைந்து தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

கட்டளைகளையும் ஃபைல் பெயர்களையும் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போலத் தட்டிக்கொள்ளுங்கள்.

1. வெட்டுவதற்கு முன் அளந்து பாருங்கள்

பில்ட் மெதுவாக இருக்கிறது என்றதும் உடனே கிரேட்டுகளாக உடைக்கக் கிளம்பிவிடாதீர்கள். ரஸ்ட்டின் பில்ட் கருவியான கார்கோவில் முதலில் கார்கோ கிளீன், அப்புறம் கார்கோ பில்ட் --டைமிங்ஸ். ரஸ்ட் 1.60 முதல், அதாவது 2022 ஏப்ரல் முதல், இது நிலையான வெளியீட்டிலேயே இருக்கிறது. டார்கெட் ஃபோல்டருக்குள் கார்கோ-டைமிங்ஸ் என்ற ஃபோல்டரில் ஒரு எச்டிஎம்எல் ஃபைல் விழும். அதை பிரவுசரில் திறங்கள்.

மேலே ஒவ்வொரு கிரேட்டுக்கும் ஒரு பட்டை இருக்கும். நீங்கள் உற்றுப் பார்க்க வேண்டியது அதற்குக் கீழே உள்ள வரைபடத்தை. பச்சைக் கோடு அந்த நொடியில் ஓடிக்கொண்டிருப்பவற்றின் எண்ணிக்கை. நீலம், தன் டிப்பெண்டன்சி (தான் சார்ந்திருக்கும் கிரேட்) முடியட்டும் என்று காத்திருப்பவை. சிவப்பு, எல்லாம் தயாராக இருந்தும் சிபியுவில் இடம் கிடைக்காமல் நிற்பவை. பச்சை தரையோடு தரையாகக் கிடக்க, நீலம் மட்டும் உயரத்தில் நின்றால், ஒரு பெரிய கிரேட் எல்லோரையும் மறித்துக்கொண்டு நிற்கிறது என்று பொருள். அங்கே பிரித்தால் பலன் உண்டு. சிவப்புதான் அதிகம் என்றால் பிரிப்பதால் பைசா பிரயோஜனம் இல்லை. டிப்பெண்டன்சிகளைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் இன்னும் பெரிய மெஷின் வேண்டும்.

இது முதல் பில்ட்டின் கணக்கு. அன்றாட வலி வேறு இடத்தில் இருக்கிறது. அடிக்கடி தொடும் ஒரு ஃபைலில் ஒரு வரியை மாற்றி, கார்கோ செக்குக்கு எவ்வளவு, கார்கோ பில்டுக்கு எவ்வளவு என்று தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். இரண்டின் விளைபொருளும் வேறு வேறு என்பதால், செக் முடித்த கையோடு பில்ட் கொடுத்தாலும் அது தன் வேலையை முதலிலிருந்துதான் செய்யும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

செக் சட்டென்று முடிந்து, பில்ட்டின் கடைசி நொடிகள்தான் இழுக்கிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது, கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்கரை. 2025 செப்டம்பரில் வந்த ரஸ்ட் 1.90 முதல், எக்ஸ்86-64 லினக்ஸில் எல்எல்டி லிங்கரே இயல்பாக அமைந்துவிட்டது. பழைய டூல்செயினில் இருப்பவர்கள் அதை உயர்த்திப் பார்த்துவிட்டு மேலே போகலாம். கார்கோ ட்ரீ -டி என்ற கட்டளையையும் ஒருமுறை ஓட்டுங்கள். ஒரே நூலகத்தின் இரண்டு மூன்று பதிப்புகள் உள்ளே வந்திருந்தால் காட்டிக்கொடுக்கும். ஒவ்வொன்றும் தனியாகக் கம்பைல் ஆகிக்கொண்டிருக்கும்.

2. மாட்யூலைப் பிரித்தால் பில்ட் வேகமாகாது

ஒரு ஃபைலைப் பத்தாக்கினால் கம்பைல் நேரம் குறையும் என்று நினைப்பவர்கள் நிறைய. குறையாது. ரஸ்ட் கம்பைலர் ஒரு தடவைக்கு ஒரு முழுக் கிரேட்டை எடுத்துக்கொள்கிறது. அதற்குள் ஒரு மாட்யூல் இருந்தாலும் ஆயிரம் இருந்தாலும் அதற்கு ஒரே மூட்டைதான். மெஷின் கோடாக மாற்றும் எல்எல்விஎம்மிடம் கொடுக்கும்போது மட்டும் அந்த மூட்டையைத் துண்டு போடும். ரிலீஸ் பில்டில் இயல்பாக 16 துண்டுகள், இன்கிரிமென்டல் டெவ் பில்டில் 256 வரை.

ஆகவே, படிக்கிறவருக்கு வழி தெரிய மாட்யூல் பிரியுங்கள். கம்பைலர் ஒரே நேரத்தில் பல வேலை பார்க்க வேண்டும், மாறாததைத் திரும்பத் தொடக் கூடாது என்றால் கிரேட் பிரியுங்கள். இன்னொரு வித்தியாசமும் உண்டு. மாட்யூல்கள் ஒன்றையொன்று வட்டமாகக் கூப்பிட்டுக்கொள்ளலாம். கிரேட்டுகளுக்கு அந்த உரிமை கிடையாது. இந்த ஒரு விதிதான் பிரிக்கும் வேலையில் பாதி நேரத்தைத் தின்னும்.

3. ஃபைல்களை ஒரே பாணியில் அடுக்குங்கள்

நெட்வொர்க் என்று ஒரு மாட்யூல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய பாணியில் நெட்வொர்க் ஃபோல்டருக்குள் மாட்.ஆர்எஸ் இருக்கும். 2018 எடிஷன் முதல் நெட்வொர்க்.ஆர்எஸ் வெளியே, துணை மாட்யூல்கள் நெட்வொர்க் ஃபோல்டருக்குள் என்றும் வைக்கலாம். எது என்பது உங்கள் விருப்பம். நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன், எடிட்டரில் பத்து டேபும் மாட்.ஆர்எஸ் என்றே நிற்கும் கொடுமை இல்லை. இரண்டு ஃபைலும் ஒன்றாக இருந்தால் இ0761 எரர் வரும். குழுவில் ஆளுக்கொரு பாணி வராமல் தடுக்க, கோடைச் சோதிக்கும் கருவியான கிளிப்பியில் மாட்-மாட்யூல்-ஃபைல்ஸ், செல்ஃப்-நேம்டு-மாட்யூல்-ஃபைல்ஸ் என்று இரண்டு லின்ட்டுகள் (சோதனை விதிகள்) உண்டு. ஒன்றை இயக்கிவிடுங்கள்.

இந்த இடத்தில் புதியவர்கள் சிக்கும் பொறிகள்:

ஃபைலை உருவாக்கினால் மட்டும் போதாது. தாய் மாட்யூலில் மாட் என்று அறிவிக்காத ஃபைலைக் கம்பைலர் திரும்பியே பார்க்காது. எரரும் வராது. புது ஃபைலில் வேண்டுமென்றே தப்பாக எழுதியும் பில்ட் பச்சையாக முடிகிறதா? அறிவிப்பு விட்டுப்போயிருக்கிறது. அறிவித்திருந்தும் ஃபைல் சரியான இடத்தில் இல்லையென்றால் இ0583 வரும்.

அடுத்தது ரொம்பப் பேரைத் தலை சுற்ற வைப்பது. மெயின்.ஆர்எஸ், லிப்.ஆர்எஸ் இரண்டும் ஒரே பேக்கேஜில் இருந்தாலும் தனித்தனிக் கிரேட்டுகள். லிப்.ஆர்எஸில் மாட் கான்ஃபிக் என்று அறிவித்துவிட்டு, மெயின்.ஆர்எஸிலும் அதே வரியை எழுதினால், ஒரே ஃபைல் இரண்டு முறை கம்பைல் ஆகி இரண்டு வேறு டைப்புகள் பிறக்கும். கான்ஃபிக் எதிர்பார்த்த இடத்தில் கான்ஃபிக் வந்திருக்கிறது என்று கம்பைலர் குறை சொல்லும். நீங்கள் ஸ்பெல்லிங்கை உற்று உற்றுப் பார்ப்பீர்கள். எங்கேயோ பயன்படுகிற ஃபங்ஷனையே யாரும் பயன்படுத்தவில்லை என்று எச்சரிக்கை வந்தாலும் காரணம் பெரும்பாலும் இதுதான். தீர்வு எளிது. மாட் அறிவிப்புகள் லிப்.ஆர்எஸில் மட்டும் இருக்கட்டும். மெயின்.ஆர்எஸ் தன் பேக்கேஜ் பெயரைச் சொல்லி, யூஸ் போட்டு, வெளியாள் மாதிரி எடுத்துக்கொள்ளட்டும். பேக்கேஜ் பெயரில் இணைப்புக்கோடு இருந்தால் கோடில் அது அடிக்கோடாக மாறிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

4. பப் என்பதைக் கஞ்சத்தனமாகக் கொடுங்கள்

எரர் வந்தால் முன்னால் பப் போட்டுவிட்டு நகர்கிற பழக்கம் எல்லோருக்கும் வரும். சின்ன புராஜெக்ட்டில் அதனால் கெடுதல் இல்லை. பிரிக்கப் போகும் புராஜெக்ட்டில் அது விஷம், ஏனென்றால் எது உள்விவகாரம், எது ஒப்பந்தம் என்ற கோடே அழிந்துபோகும்.

கிரேட்டுக்குள் மட்டும் தெரிய வேண்டியதற்கு பப்-கிரேட், தாய் மாட்யூலுக்கு மட்டும் என்றால் பப்-சூப்பர். வெளியே கொடுப்பவற்றை லிப்.ஆர்எஸில் பப் யூஸ் மூலம் ஒரே இடத்தில் பட்டியல் போடுங்கள். இதில் ஒரு உபரி லாபம் உண்டு. வெளியுலகுக்குத் திறந்த பப் ஃபங்ஷனை யாரும் கூப்பிடாவிட்டாலும் கம்பைலர் வாய் திறக்காது. பப்-கிரேட் என்றால் சொல்லிவிடும். அன்ரீச்சபிள்-பப் என்ற லின்ட் இயல்பாக அணைந்திருக்கும். அதை எரியவிட்டால், பப் என்று போட்டும் வெளியே எட்டாதவற்றைப் பிடித்துக் கொடுக்கும்.

5. எங்கே வெட்டுவது

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். யூட்டில்ஸ், காமன், மாடல்ஸ் என்று வகைபிரித்து வெட்டாதீர்கள். கார்கோ ஒரு ஃபைலின் திருத்த நேரத்தைப் பார்த்துத்தான் மறுபடி கம்பைல் செய்வதா என்று தீர்மானிக்கிறது. அடிமட்டக் கிரேட்டில் ஒரு கமென்டை மாற்றினாலும், அதைச் சார்ந்தவை எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். எல்லோரும் சார்ந்திருக்கும் காமன் கிரேட்டில் தினமும் யாராவது ஒரு ஃபங்ஷன் சேர்த்துக்கொண்டே இருந்தால், பிரித்தும் பிரிக்காத நிலைதான்.

ஒவ்வொரு மாட்யூலையும் பார்த்து இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். இது எத்தனை நாளைக்கு ஒருமுறை மாறுகிறது? இதற்கு மட்டும் தேவையான கனமான டிப்பெண்டன்சி ஏதாவது உண்டா? இதைத் தனியாக டெஸ்ட் செய்ய முடியுமா?

எங்கள் ஏஜென்ட் மாதிரியான ஒன்றை எடுத்துக்கொண்டால் இப்படி வரும். பாக்கெட் டைப்புகளும் அவற்றைப் பிரித்துப் படிக்கும் கோடும் வயர் என்ற கிரேட்டில். அதற்கு வெளி டிப்பெண்டன்சி ஏறக்குறைய இல்லை, நெறிமுறை மாறினால்தான் அது மாறும். டிஸ்க்கில் சேமிப்பது ஸ்டோர் கிரேட். எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் அதற்குள்ளேயே அடைந்து கிடக்கும். ஒரே நேரத்தில் பல நெட்வொர்க் வேலைகளை ஓட்டும் டோக்கியோ நூலகம் சம்பந்தப்பட்டதெல்லாம் நெட் கிரேட்டில். கடைசியில் ஏஜென்ட், கட்டளைவரியைப் படித்து மற்ற மூன்றையும் இணைக்கும் மெலிசான பைனரி. ஸ்டோரும் நெட்டும் ஒன்றையொன்று அறியாது, வயரை மட்டுமே அறியும். அதனால் இரண்டும் ஒரே நேரத்தில் கம்பைல் ஆகும். ஸ்டோரில் கை வைத்தால் நெட் அசையாது.

ரஸ்ட் கம்பைலரே இப்படிப் பல டஜன் கிரேட்டுகளாகத்தான் இருக்கிறது. கம்பைலர் ஃபோல்டரைத் திறந்தால் ரஸ்ட்சி என்று தொடங்கும் பெயர்களாக வரிசை கட்டும். அங்கேயும் ரஸ்ட்சி-மிடில் என்ற பெரிய கிரேட்டுக்காகப் பலர் காத்திருக்கும் தொல்லை உண்டு. ஆக, இது பெரியவர்களுக்கும் தீராத வியாதி. முதல் தடவையே கச்சிதமாக வெட்டிவிட வேண்டும் என்று மனதைப் போட்டு உழற்றிக்கொள்ள வேண்டாம். நாலைந்து கிரேட்டில் தொடங்குங்கள்.

புரொசீஜரல் மேக்ரோ எழுதுகிறீர்கள் என்றால் அதற்குத் தனிக் கிரேட் கட்டாயம், உங்களுக்குத் தேர்வே இல்லை.

6. வொர்க்ஸ்பேஸ் போடுவது, தேவைப்படும் ஃபைல்கள்

வொர்க்ஸ்பேஸ் என்பது பல கிரேட்டுகளை ஒன்றாக பில்ட் செய்யும் கூட்டு. மேல் ஃபோல்டரில் ஒரு கார்கோ.டோமல் (கார்கோவின் அமைப்பு ஃபைல்). அதில் பேக்கேஜ் பகுதி வேண்டாம், வொர்க்ஸ்பேஸ் பகுதி மட்டும் போதும். கிரேட்டுகளை எல்லாம் கிரேட்ஸ் என்ற ஒரே ஃபோல்டரில் அடுக்கி, மெம்பர்ஸ் இடத்தில் கிரேட்ஸ்/* என்று ஒரு வரி கொடுத்துவிடுங்கள். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று மரம் கட்டாதீர்கள். எடிட்டருக்கு ரஸ்ட் கோடைப் புரியவைக்கும் ரஸ்ட்-அனலைசர் இவ்வளவு பெரிய புராஜெக்ட், அதுவே கிரேட்டுகளைத் தட்டையாகத்தான் வைத்திருக்கிறது.

பேக்கேஜ் இல்லாத மேல் ஃபைலுக்கு எடிஷன் கிடையாது. அதனால் ரிசால்வர் (டிப்பெண்டன்சிகளின் பதிப்புகளைத் தேர்வு செய்யும் முறை) எண்ணை நீங்களே எழுத வேண்டும். விட்டால் பழைய 1-க்குப் போய் விழும். 2 எழுதுங்கள். ரஸ்ட் 1.84-க்கு மேல் இருப்பவர்கள் 3 எழுதலாம்.

பதிப்பு எண்களை ஒவ்வொரு கிரேட்டிலும் எழுதாமல் மேலே வொர்க்ஸ்பேஸ் டிப்பெண்டன்சீஸ் பகுதியில் ஒருமுறை எழுதி, கீழே வொர்க்ஸ்பேஸ் ஈக்வல்ஸ் ட்ரூ என்று இழுத்துக்கொள்ளலாம். ரஸ்ட் 1.64 முதல் இந்த வசதி உண்டு. எடிஷன், லைசென்ஸ், குறைந்தபட்ச ரஸ்ட் பதிப்பு ஆகியவற்றையும் இதே மாதிரி மேலே வைக்கலாம்.

கவனிக்க வேண்டியவை:

மேலே டீஃபால்ட் ஃபீச்சர்களோடு (நூலகத்தில் இயல்பாக இயங்கும் விருப்பப் பகுதிகள்) அறிவித்த ஒன்றை, கீழே ஒரு கிரேட் மட்டும் வேண்டாம் என்று மறுக்க முடியாது. 2021 எடிஷன் வரை எச்சரிக்கையோடு விட்டுவிடும், 2024 எடிஷனில் எரர். மேலே டீஃபால்ட்டை அணைத்துவிட்டு, தேவைப்படும் கிரேட்டில் மட்டும் ஃபீச்சர் சேர்ப்பதே சரி.

புரொஃபைல், பேட்ச் இரண்டும் மேல் ஃபைலில் இருந்தால்தான் செல்லும். மெம்பர் கிரேட்டில் எழுதிய ஆப்ட்-லெவல் ஒன்றும் செய்யாது.

லின்ட்டுகளை 1.74 முதல் மேலே பொதுவாக வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு கிரேட்டும் அதைக் கேட்டு வாங்க வேண்டும். புதுக் கிரேட்டில் அந்த வரியை மறந்தால் யாரும் சொல்ல மாட்டார்கள். அந்தக் கிரேட் மட்டும் லின்ட் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

கார்கோ.லாக் ஒன்றுதான், டார்கெட் ஃபோல்டரும் ஒன்றுதான். மெம்பர்களுக்குள் பழைய லாக் ஃபைல்கள் கிடந்தால் அழித்துவிடுங்கள்.

7. மாட்யூலைக் கிரேட்டாகத் தூக்குவது

நகர்த்துவதற்கு முன், அந்த மாட்யூலின் ஃபோல்டருக்குள் கிரேட்:: என்று தேடுங்கள். வெளியே வருகிற ஒவ்வொரு வரியும், அந்த மாட்யூல் மற்றவர்களோடு கட்டியிருக்கும் கயிறு. சூப்பர்:: வழியாக மேலே தாவுபவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியல்தான் புதுக் கிரேட்டின் டிப்பெண்டன்சி பட்டியல். பட்டியலில் ஏஜென்ட்டின் உள்விஷயங்கள் வந்தால் இப்போதே அறுக்க வேண்டும். நகர்த்திய பிறகு அறுப்பது இரட்டை வேலை.

வட்டம் வந்தால் இரண்டு வழி. இருவரும் கேட்கும் டைப்பைக் கீழே மூன்றாவது கிரேட்டுக்கு இறக்குவது ஒன்று. கீழ்க் கிரேட்டில் ஒரு ட்ரெய்ட்டை அறிவித்து, மேல்க் கிரேட் அதை இம்ப்ளிமென்ட் செய்வது இன்னொன்று. ஸ்டோருக்கு மெட்ரிக்ஸ் அனுப்ப வேண்டும், மெட்ரிக்ஸ் ஏஜென்ட்டில் இருக்கிறது என்ற மாதிரியான சிக்கலுக்கு இரண்டாவதுதான் பொருந்தும்.

அப்புறம் ஆர்ஃபன் விதி. ஒரே கிரேட்டாக இருந்தவரை எங்கே வேண்டுமானாலும் இம்ப்ள் எழுதியிருப்பீர்கள். பிரித்த மறுகணம் இ0116, இ0117 என்று வரிசையாக வரும். முதலாவது, வேறு கிரேட்டின் டைப்புக்கு நேரடியாக மெத்தட் எழுதியதற்கு. இரண்டாவது, ட்ரெய்ட்டும் டைப்பும் இரண்டுமே வெளியாட்கள் என்பதற்கு. இம்ப்ளை டைப் இருக்கும் கிரேட்டுக்கே தள்ளலாம், நியூடைப்பாக, அதாவது உங்கள் கிரேட்டின் சொந்த உறை டைப்பாகச் சுற்றலாம், அல்லது மெத்தட்டை எக்ஸ்டென்ஷன் ட்ரெய்ட்டாக மாற்றலாம்.

வேலையை ஓட்டும் முறையும் முக்கியம். கிட் எம்வி கொண்டு நகர்த்தியதை ஒரு கமிட்டாகவும், எரர் தீர்த்ததை இன்னொன்றாகவும் வையுங்கள். பழைய இடத்தில் பப் யூஸ் மூலம் அதே பெயரை மறுபடி ஏற்றுமதி செய்துவிட்டால், குழுவில் மற்றவர்களின் திறந்திருக்கும் பிராஞ்சுகள் உடையாது. ஒரு நேரத்தில் ஒரு கிரேட். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொடங்க வேண்டாம்.

8. சி நூலகம் இருந்தால்

சி கோடைத் தொடும் பகுதியைப் பெயரின் கடைசியில் -சிஸ் போட்டுத் தனிக் கிரேட்டாக வைப்பது வழக்கம். அதில் பைண்டிங் மட்டும், பாதுகாப்பான உறை வேறு கிரேட்டில். லிங்க்ஸ் என்ற வரியையும் எழுதுங்கள், ஒரே நூலகத்தை இருவர் இணைக்க முயன்றால் கார்கோ தடுத்துவிடும்.

கம்பைலுக்கு முன் ஓடும் ஸ்கிரிப்டான பில்ட்.ஆர்எஸ் விஷயத்தில் விழிப்பாக இருங்கள். ரீரன்-இஃப்-சேஞ்ச்டு என்று எந்த ஃபைலையும் குறிப்பிடாவிட்டால், அந்த பேக்கேஜில் எந்த ஃபைல் மாறினாலும் ஸ்கிரிப்ட் மறுபடி ஓடும். ஒரு வரி எழுதினால் தீரும் பிரச்சினைக்காகப் பலர் மாதக்கணக்கில் சி கோடைத் திரும்பத் திரும்பக் கம்பைல் செய்துகொண்டிருக்கிறார்கள். சி ஹெடரிலிருந்து பைண்டிங்கை உருவாக்கும் பைண்ட்ஜென் பயன்படுத்தினால் எல்லார் மெஷினிலும் லிப்கிளாங் வேண்டும். ஹெடர் அபூர்வமாக மாறுகிறது என்றால், உருவான பைண்டிங் ஃபைலையே ரெப்போவில் போட்டுவிடுங்கள்.

9. பிரிப்பதற்கான விலை

ஓடும் வேகம்: ஜெனரிக் அல்லாத ஃபங்ஷன், இன்லைன் குறிப்பு இல்லையென்றால், கிரேட் எல்லையைத் தாண்டிப் பொதுவாக இன்லைன் ஆகாது. ரஸ்ட் 1.75 முதல் மிகச் சிறிய ஃபங்ஷன்களுக்கு மட்டும் கம்பைலரே விலக்கு கொடுக்கிறது. பாக்கெட்டுக்குப் பாக்கெட் கூப்பிடப்படும் ஃபங்ஷனை வயருக்கு நகர்த்தினால், முன்னும் பின்னும் பெஞ்ச்மார்க் எடுங்கள். குறைந்திருந்தால் இன்லைன் குறிப்பு போடலாம், அல்லது ரிலீஸில் எல்டிஓ-வை (லிங்க் செய்யும்போது நடக்கும் ஆப்டிமைசேஷன்) தின் என்று வைக்கலாம். இரண்டாவதில் ரிலீஸ் பில்ட் நேரம் கூடும்.

ஜெனரிக்ஸ்: ஜெனரிக் ஃபங்ஷன் எழுதிய இடத்தில் கம்பைல் ஆவதில்லை, பயன்படுத்தும் கிரேட்டில்தான் ஆகிறது. கனமான ஜெனரிக்குகளை ஸ்டோரில் வைத்துவிட்டு ஏஜென்ட் ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது என்று தேடாதீர்கள். வெளியே சின்ன ஜெனரிக் ஃபங்ஷன், அதற்குள்ளே டைப் நிச்சயமான ஒரு இன்னர் ஃபங்ஷன் என்று எழுதுங்கள். பாத் வாங்கும் ஃபங்ஷன்களில் ஸ்டாண்டர்ட் நூலகமே இதைச் செய்கிறது.

டிஸ்க்: டார்கெட் ஃபோல்டர் பல ஜிபி வளரும். ரஸ்ட்-அனலைசர் பூட்டை வைத்துக்கொண்டு டெர்மினல் பில்ட்டைக் காக்க வைத்தால், அதற்கு வேறு டார்கெட் ஃபோல்டர் கொடுக்கலாம். இடம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், 256 ஜிபி லேப்டாப்காரர்கள் யோசித்துச் செய்யுங்கள்.

டெஸ்ட்: டெஸ்ட்ஸ் ஃபோல்டரில் ஒவ்வொரு ஃபைலும் தனி எக்சிகியூட்டபிள், ஒவ்வொன்றுக்கும் தனி லிங்கிங். இருபது ஃபைல் இருந்தால் ஒரே துணை ஃபோல்டரில் மெயின்.ஆர்எஸ் வைத்து, மற்றவற்றை அதன் மாட்யூல்களாக்குங்கள்.

10. சிஐ-யில் (தானாக பில்ட், டெஸ்ட் ஓட்டும் அமைப்பு) மாற்ற வேண்டியவை

வொர்க்ஸ்பேஸ் முழுவதையும் ஒன்றாக பில்ட் செய்யும்போது ஃபீச்சர்கள் ஒன்றுசேர்ந்துவிடும். நெட் கிரேட் கேட்ட டோக்கியோ ஃபீச்சரின் தயவில், அதைக் கேட்க மறந்த இன்னொரு கிரேட்டும் ஓடும். தனியாக -பி போட்டு பில்ட் செய்த நாளில் உடையும். ஆகவே சிஐ-யில் ஒவ்வொரு கிரேட்டையும் -பி கொடுத்து கார்கோ செக் ஓட்டும் ஒரு ஜாப் வேண்டும். உங்கள் மெஷினில் இதற்கு நேர்மாறு. ஒருமுறை -பி, ஒருமுறை மொத்தம் என்று மாறி மாறிக் கொடுத்தால் ஃபீச்சர் மாறி டிப்பெண்டன்சிகள் மறுபடி மறுபடி கம்பைல் ஆகும். ஒன்றைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கேஷ் வைக்கும்போது, கிட் செக்அவுட் எல்லா ஃபைலுக்கும் புது நேரம் போடுவதால் உங்கள் சொந்தக் கிரேட்டுகள் எப்படியும் மறுபடி கம்பைல் ஆகும். டிப்பெண்டன்சிகளை மட்டும் கேஷ் செய்து, கார்கோ.லாக்கின் ஹாஷைச் சாவியாக வையுங்கள். கார்கோ-இன்கிரிமென்டல் என்ற மாறியை 0 ஆக்குங்கள், கேஷ் அளவு குறையும். --லாக்டு கொடுக்காமல் சிஐ ஓட்டாதீர்கள்.

11. வெளியிடுவதாக இருந்தால்

உள்ளே மட்டும் பயன்படும் கிரேட்டுகளில் முதல் நாளே பப்ளிஷ் ஈக்வல்ஸ் ஃபால்ஸ் எழுதிவிடுங்கள். பொதுக் கிரேட் களஞ்சியமான கிரேட்ஸ்.ஐஓ-வில் கட்டணம் இல்லை, ஆனால் ஏற்றிய பதிப்பை மாற்றி எழுத முடியாது. யாங்க் செய்தாலும் (புதிதாக யாரும் எடுக்காதபடி விலக்கினாலும்) கோட் அங்கேயேதான் இருக்கும். சரிபார்த்த மின்னஞ்சல், லைசென்ஸ், விவரணை ஆகியவை தேவை. பேக்கேஜ் 10 எம்பியைத் தாண்டக் கூடாது. பாத் மட்டும் கொடுத்த டிப்பெண்டன்சியை ஏற்காது, பக்கத்தில் பதிப்பு எண்ணும் வேண்டும். முன்பெல்லாம் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டியிருந்தது. 1.90 முதல் கார்கோ பப்ளிஷ் --வொர்க்ஸ்பேஸ் அந்த வரிசையைத் தானே பார்த்துக்கொள்கிறது. வயர், ஸ்டோர் மாதிரியான பெயர்களை யாராவது ஏற்கெனவே பிடித்திருப்பார்கள், முந்தியவருக்கே பெயர். அதனால் எல்லாக் கிரேட்டுக்கும் புராஜெக்ட் பெயரை முன்னொட்டாக வைத்துத் தொடங்குங்கள். பிறகு மாற்றினால் ஒவ்வொரு யூஸ் வரியையும் தேடித் திருத்த வேண்டிவரும்.